டெல்டா நகரங்களின் வேலையின்மைக் கணக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ வேலையின்மை குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால், எந்த மாதத்தை எந்த மாதத்தோடு ஒப்பிட்டார்கள் என்று முதலில் கேளுங்கள். டெல்டாவில் வேலை தண்ணீரோடு வருகிறது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 அன்று திறப்பார்கள். 2022-இல் மே 24 அன்றே திறந்துவிட்டார்கள். 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. இந்த இரண்டு ஆண்டுகளின் ஜூன் மாதங்களை அருகருகே வைத்துப் பேசுபவர், தெரியாமலே அணையின் நீர்மட்டத்தைப் பற்றித்தான் பேசுகிறார்.

வயலுக்கும் நகரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. ஜவுளிக் கடை வியாபாரம், அரிசி ஆலை, லாரியில் மூட்டை ஏற்றும் கூலி, கொள்முதல் நிலையத்தில் பருவகாலப் பட்டியல் எழுத்தர் வேலை எல்லாமே நெல்லை நம்பி ஓடுகின்றன. தை மாதத்தைத் தை மாதத்தோடு ஒப்பிடுங்கள். அதுவும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தண்ணீர் வந்த ஆண்டுகளாகப் பார்த்து.

அடுத்தது, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவேடு. அதிலுள்ள எண்ணிக்கையை அப்படியே வேலையில்லாதோர் எண்ணிக்கையாக எழுதிவிடுகிறார்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிப்பவர்களில் கல்லூரியில் படிப்பவரும் உண்டு, தனியாரிடம் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டே அரசு வேலைக்குக் காத்திருப்பவரும் உண்டு. பதிவே செய்யாத சித்தாள் அதில் இல்லை.

அந்தச் சித்தாளும் கொத்தனாரும் காலை ஏழு மணிக்குத் தூக்குவாளியும் கரண்டிப் பையுமாக முச்சந்தியில் நிற்கிறார்கள். ஒன்பது மணிக்குள் யாரும் கூப்பிடாவிட்டால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். ஆனால் ஒன்றிய அரசு 2017-இல் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின் வாராந்திர நிலைக் கணக்கில், கடந்த ஏழு நாட்களில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே அவர் வேலையில் இருப்பவர். திருபுவனத்தில் வீட்டுத் தறியில் சம்பளமின்றி அப்பாவுக்கு ஒத்தாசை செய்யும் மகளும் அப்படியே. ஆகவே எத்தனை நாள் வேலை, என்ன கூலி என்பதையும் சேர்த்துப் பார்க்காத சதவீதத்தை நான் நம்புவதில்லை.

எனக்கு அதிகம் எரிச்சலூட்டுவது, விழுக்காடு இறங்கியதும் கொண்டாடுவது. ஒரு தெருவில் வேலையில் இருப்பவர்களும் தேடுபவர்களுமாக 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். தேடுபவர்கள் 8 பேர். வேலையின்மை 8 சதவீதம். அவர்களில் மூவர் திருப்பூருக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். இருவர் சலித்துப்போய்த் தேடுவதையே விட்டுவிட்டார்கள். இப்போது 95 பேரில் 3 பேர்தான் வேலையில்லாதவர்கள். சதவீதம் மூன்றுக்கு அருகில் இறங்கிவிட்டது. ஊரில் ஒரு வேலைகூடப் புதிதாக வரவில்லை. திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனவர்கள் இல்லாத தெருவே அரிது என்பதால், உழைப்புப் பங்கேற்பு விகிதத்தையும், அதாவது மக்களில் எத்தனை சதவீதம் பேர் வேலையில் இருக்கிறார்கள் அல்லது வேலை தேடுகிறார்கள் என்பதையும், சேர்த்தே படிக்க வேண்டும்.

அந்தக் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பிலிருந்து 2025 முதல் மாதந்தோறும் வெளிவரும் அறிக்கை நாடு முழுமைக்குமானது. அதைக் கும்பகோணத்துக்குப் பொருத்த முடியாது.

எல்லைகளும் மாறியிருக்கின்றன. தஞ்சாவூர் 2014-இலும் கும்பகோணம் 2021-இலும் மாநகராட்சி ஆயின. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய நாகப்பட்டினம் மாவட்ட எண்ணை இன்றைய எண்ணோடு ஒப்பிட்டு ‘இத்தனை வேலைகள் காணாமல் போயின’ என்று பதறினால், அவற்றில் பலவும் மயிலாடுதுறைக் கணக்கில் பத்திரமாக இருக்கும்.