அனல்மின் நிலைய ஜிப்சத்தை வயலில் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் அனல்மின் நிலையக் கழிவு என்றாலே சாம்பல்தான் நினைவுக்கு வரும். முதல் தவறே அதுதான். உரமாகப் பயன்படுவது, புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடைச் சுண்ணாம்புக்கல் குழம்பால் கழுவும்போது கிடைக்கும் ஜிப்சம், அதாவது கால்சியம் சல்ஃபேட். சாம்பல் கலந்தால் போரானும் ஆர்செனிக்கும் கூடவே வந்துவிடும். பாஸ்பாரிக் அமிலத் தயாரிப்பில் மிஞ்சும் பாஸ்போஜிப்சமும் வேறு சரக்கு. அதில் அமிலத்தன்மையும் ஃபுளோரைடும் உண்டு. எந்த ஜிப்சம் என்று கேட்காமல் லோடு இறக்காதீர்கள்.

இன்னும் பெரிய தவறு, ஆக்சிஜனேற்றம் முடியாத சரக்கை வாங்குவது. கழுவும் கோபுரத்தின் அடித்தொட்டியில் போதிய காற்றை ஊதினால்தான் கால்சியம் சல்ஃபைட் முழுதும் சல்ஃபேட்டாக மாறும். மாறாமல் தங்கிய சல்ஃபைட், மண்ணிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு வேரை வாட்டும். சோதிப்பது எளிது. திறந்த வெளியில் கையுறை போட்டுக்கொண்டு, ஒரு ஸ்பூன் சரக்கின் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் நாலு சொட்டு விடுங்கள். நெடியில்லாமல் நுரைத்தால் மிஞ்சிய சுண்ணாம்புக்கல், பயிருக்குப் பாதகமில்லை. தீக்குச்சி உரசினாற்போல நெடி கிளம்பினால் சல்ஃபைட், திருப்பி அனுப்பிவிடுங்கள். பாதரசம், ஆர்செனிக், குளோரைடு மூன்றுக்கும் ஆய்வக அறிக்கை கட்டாயம் வேண்டும்.

ஈரத்தை அளக்கும்போது 105 டிகிரியில் உலர்த்தக் கூடாது. ஜிப்சத்தில் 20.9% படிக நீர், அதாவது படிகத்திலேயே பிணைந்திருக்கும் நீர். அந்தச் சூட்டில் அதுவும் போய், ஈரம் கூடுதலாகத் தெரியும். 40–45 டிகிரி போதும். உண்மை ஈரம் 10% என்றால், 160 கிலோ தேவைப்படும் இடத்தில் 178 கிலோ போட வேண்டும்.

அந்த 160 கிலோ, நிலக்கடலைக்கு ஏக்கர் கணக்கு. பொன்னேரி, கும்மிடிப்பூண்டி மணற்பாங்கு நிலங்களில் இதை அடியுரமாகப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். வேர் எடுக்கும் கால்சியம் இலைக்குத்தான் போகும். காய் தனக்கு வேண்டியதைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேராக உறிஞ்சும். அதனால் 40–45ஆம் நாள், விழுது (காயாகப் போகும் பூக்காம்பு) மண்ணில் இறங்கும் சமயம், செடியின் அடியில் தூவி மண் அணைக்க வேண்டும். தவறினால் பொக்குக் காய்தான். ஜிப்சத்தில் தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்து எதுவும் கிடையாது. அவற்றைத் தனியே கொடுக்க வேண்டும்.

மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் ஏறிய உவர் நிலத்துக்கும் ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். அது சோடியம் மிகுந்த களர் நிலத்துக்கான மருந்து. உவருக்கு நல்ல தண்ணீரும் வடிகாலும்தான் வழி. களரிலும் மண் பரிசோதனை சொல்லும் அளவைப் போட்டு உழுது, தண்ணீர் கட்டி, பிறகு வடிக்க வேண்டும். வடிக்காவிட்டால், ஜிப்சத்தின் கால்சியம் கழற்றிவிட்ட சோடியம் வயலிலேயே நின்றுவிடும்.