மான்ட்கோமரி கவுன்ட்டியில் ஒரு கோரிக்கையை எங்கே, எப்போது வைப்பது?

வாஷிங்டன் நகரை ஒட்டி மேரிலாந்து மாநிலத்தில் உள்ள மான்ட்கோமரி கவுன்ட்டிக்கு (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) புதிதாகக் குடிவருபவர்கள், நடைபாதை உடைந்திருந்தால் தங்கள் ஊரின் மேயர் யார் என்று தேடுவது வழக்கம். ராக்வில், கெய்தர்ஸ்பர்க், டகோமா பார்க் போன்ற இடங்களில் அந்தத் தேடலுக்குப் பலன் உண்டு. சில்வர் ஸ்பிரிங், பெதெஸ்டா, ஜெர்மன்டவுன் ஆகிய ஊர்களுக்கோ மேயரும் இல்லை, நகரமன்றமும் இல்லை. அங்கே கவுன்ட்டிதான் உள்ளாட்சி. எனவே உங்கள் முகவரி எதன் எல்லைக்குள் வருகிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்து, பிரச்சினை யாருடையது என்று பாருங்கள். ராக்வில் பைக், ஜார்ஜியா அவென்யூ போன்ற பெருஞ்சாலைகள் மாநில அரசின் பொறுப்பில் இருப்பதால், அவற்றைப் பற்றிக் கவுன்ட்டியிடம் முறையிட்டால் மனு சுற்றிக்கொண்டே இருக்கும். பள்ளிகளை நடத்துவது தனியாகத் தேர்ந்தெடுக்கப்படும் கல்வி வாரியம்; ஆனால் அதற்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லாததால், பணத்துக்குக் கவுன்ட்டியின் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமான கவுன்சிலையே நாட வேண்டும். அன்றாடப் புகார்களுக்கு 311 என்ற தொலைபேசி எண்ணே போதும்.

கவுன்சிலின் முடிவு தேவைப்படும் கோரிக்கை என்றால், தொகுதி உறுப்பினருக்கு மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வது தவறு. 2020-இல் வாக்காளர்கள் ஒப்புதல் அளித்தபடி, 2022 தேர்தலில் கவுன்சிலின் இடங்கள் 9-இலிருந்து 11 ஆயின. 7 பேர் தொகுதிவாரியாகவும், 4 பேர் கவுன்ட்டி முழுவதற்குமாகவும் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். ஆக, உங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் ஐந்து பேர். ஐவருக்கும் எழுதுங்கள்.

எழுதும் காலம் அதைவிட முக்கியம். நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. கவுன்ட்டி நிர்வாகத் தலைவர் வரவு செலவுத் திட்டத்தை மார்ச் நடுவில் கவுன்சிலிடம் அளிக்க, ஏப்ரலில் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடந்து, மே மாதத்தில் அது இறுதியாகிறது. திட்டத்தில் ஏற்கெனவே உள்ள ஒன்றைக் காப்பாற்றுவதைவிட, இல்லாத ஒன்றைப் பிறகு சேர்ப்பது கடினம் என்பதால், முந்தைய இலையுதிர் காலத்திலேயே உரிய துறைக்கு எழுதிவிடுவது நல்லது. கூட்டத்தில் பேச முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். கிடைப்பதோ சில நிமிடங்கள்தான். கொள்கை விளக்கத்தைத் தவிர்த்து, எந்தத் தெரு, எத்தனை குழந்தைகள் கடக்கிறார்கள், என்ன வேண்டும் என்று ஒரே கோரிக்கையைச் சொல்லி, விவரங்களை எழுத்தில் கொடுங்கள்.

வாக்குரிமை உள்ளவர்கள், நவம்பர் தேர்தல் போதும் என்று இருந்துவிட வேண்டாம். 2006 முதல் 2022 வரையிலான பொதுத்தேர்தல்களில் கவுன்சில் இடங்கள் அனைத்தையும் ஜனநாயகக் கட்சியே வென்றதால், உண்மையான போட்டி, அக்கட்சி தன் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தலிலேயே முடிந்துவிடுகிறது. நிர்வாகத் தலைவர் பதவிக்கான முதனிலைத் தேர்தலில் மார்க் எல்ரிச் 2018-இல் 77 வாக்குகளிலும், 2022-இல் வெறும் 32 வாக்குகளிலும் டேவிட் பிளேரை முந்தினார். கட்சியில் பதிவு செய்யாதவர்கள் இதில் வாக்களிக்க முடியாது.

குடியுரிமை பெறாதவர்களுக்குக் கவுன்ட்டித் தேர்தலில் வாக்கு இல்லை. எனினும் கருத்துக் கேட்பில் பேசவும் மனு அளிக்கவும் தடையில்லை. டகோமா பார்க்கில் வசித்தால், அந்நகரத் தேர்தலில் அவர்களும் வாக்களிக்கலாம்.