நான்கு தாளில் 16 பக்கம்: பள்ளி இதழை வடிவமைப்பது எப்படி?

பள்ளி இதழ் போடலாம் என்று முடிவானதுமே எல்லாரும் அட்டைப்படத்தில் இறங்கிவிடுவார்கள். அட்டையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்கு ஒரு பக்கம் அச்சான பழைய ஏ4 தாள் நான்கும் ஒரு பென்சிலும் போதும்.

இங்கே சொல்வது 16 பக்கக் கறுப்பு வெள்ளை இதழ். ஏ4 தாளை இரண்டாக மடித்தால் வரும் ஏ5 அளவு, அதாவது 148 × 210 மி.மீ. ஜெராக்ஸ் கடையிலேயே போட்டுவிடலாம்.

1. மாதிரிப் புத்தகம்

நான்கு தாளையும் ஒன்றாக அடுக்கி நடுவில் மடியுங்கள். புத்தகம் மாதிரி புரட்டிக்கொண்டே ஒவ்வொரு பக்கத்திலும் 1 முதல் 16 வரை எண் போடுங்கள். பிறகு பிரித்துப் பாருங்கள். வெளித்தாளில் இடப்பக்கம் 16, வலப்பக்கம் 1 இருக்கும். அதன் பின்புறம் 2, 15. அடுத்த தாளில் 14, 3. பின்புறம் 4, 13. ஒரே முகத்தில் இருக்கும் இரண்டு எண்களைக் கூட்டினால் எப்போதும் 17 வர வேண்டும். எங்காவது வரவில்லை என்றால் எண் தவறிவிட்டது.

பக்க எண்ணிக்கை 4-இன் மடங்காகத்தான் இருக்க முடியும் என்பதும் இப்போது கண்ணுக்கே தெரியும். 'இரண்டு பக்கம் மட்டும் சேர்த்துக்கொள்வோமே' என்று யாராவது கேட்டால் மாதிரியைக் காட்டுங்கள். 18 பக்கம் கிடையாது, 20தான்.

எது எங்கே என்று மாதிரியிலேயே குறித்துவிடுங்கள். 8, 9 இரண்டும் நடுத்தாளில் ஒட்டியே வருபவை. அகலமான ஓவியத்தையோ குழுப்படத்தையோ அங்கே வையுங்கள். வேறு எந்த இரட்டைப் பக்கத்திலும் படம் இரண்டு தாளில் பிரிந்து நிற்கும், மடிப்பில் ஒட்டாது. புதிர் 6-ஆம் பக்கம் என்றால் விடை 15-இல். வாழ்த்துரைகள் எத்தனை வந்தாலும் ஒரே பக்கம். இதில் இளகினால் மாணவர்களுக்கு இடமே மிஞ்சாது.

2. படைப்புகள்

ஓரம் 15 மி.மீ. விட்டு, எழுத்தின் அளவு 11 புள்ளி (பாயின்ட்), வரி இடைவெளி 16 புள்ளி வைத்தால் ஒரு ஏ5 பக்கத்தில் சுமார் 30 வரி வரும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, வரிக்கு ஐந்தாறுதான் அடங்கும். ஆக, முழுப்பக்கத்துக்கு 160 சொல். தலைப்பும் சிறு படமும் சேர்ந்தால் 120. 'ஒரு பக்கக் கதை எழுதி வா' என்று சொன்னால் நோட்டில் ஆளுக்கொரு நீளத்தில் வரும். சொல் கணக்கைச் சொல்லிக் கேளுங்கள்.

தலைப்பு 'மழை' என்றால் எங்கிருந்தாவது எடுத்து எழுதிய கவிதை பத்து வரும். 'எங்கள் தெருக் குழாயடி', 'சத்துணவு வரிசையில் கேட்டது' என்று கொடுத்தால் அந்த வழி அடைபடும். திருத்தும்போது ல, ள, ழ குழப்பத்தையும் ஒற்றுப்பிழையையும் மட்டும் பாருங்கள். 'ஆயா திட்டுச்சு' என்று பிள்ளை எழுதியதை 'பாட்டி கடிந்துகொண்டார்' என்று மாற்றினால் கதை செத்துவிடும்.

3. தட்டச்சும் எழுத்துருவும்

சிக்கல் அதிகம் வருவது இங்கேதான். எல்லாரும் யூனிகோடில்தான் (எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறை) தட்ட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை உங்கள் கோப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும், நடுநடுவே அரைப்புள்ளிகள். கோப்பு கெட்டுப்போகவில்லை. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருப்பவை. மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளியின் இடம். மாற்றித் தரும் கருவியில் போட்டு எடுக்கலாம். எடுத்த பிறகு ஒருமுறை முழுதாகப் படித்தே ஆக வேண்டும்.

மென்பொருளுக்கு லிப்ரே ஆபிஸ் ரைட்டர் போதும், இலவசம். பக்க அளவை ஏ5 ஆக்கிவிட்டு முதலில் 'கொக்கு', 'பௌர்ணமி', 'ஸ்ரீ' மூன்றையும் தட்டிப் பாருங்கள். கொம்பும் காலும் தனித்தனியே கழன்று நின்றால் மேலே போகாதீர்கள். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் இது நடந்தால் பத்தி அமைப்பில் வேர்ல்ட் ரெடி காம்போசரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

கதை, கட்டுரைகளின் எழுத்துக்கு நோட்டோ செரிப் தமிழ், தலைப்புக்கு பலூ தம்பி அல்லது கட்டமரன். இரண்டுக்கு மேல் வேண்டாம். பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரித்து இருபுறமும் நேர்செய்தால் சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக விழும். ஏ5-க்கு ஒரே பத்தி, இடப்புறம் மட்டும் நேர் என்பதே கண்ணுக்கு நல்லது.

4. படங்கள்

பென்சில் ஓவியம் ஜெராக்ஸில் மங்கிப்போகும். கோடில்லாத வெள்ளைத்தாளில் கறுப்புப் பேனாவால் வரைந்து, 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். புகைப்படம் எழுத்துப் பரப்பின் அகலத்துக்கு (118 மி.மீ.) வர வேண்டுமென்றால் அகலவாக்கில் 1400 பிக்சலாவது தேவை. வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். கறுப்பு வெள்ளையில் முகங்கள் இருண்டுவிடும் என்பதால் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். பிள்ளைகளின் படம் போடப் பெற்றோர் சம்மதம் வாங்குங்கள். பெயரும் வகுப்பும் போதும், முகவரியும் தொலைபேசி எண்ணும் கூடாது.

பெரும்பாலான ஜெராக்ஸ் இயந்திரங்கள் தாளின் விளிம்புவரை அச்சிடா. அட்டைப்படத்தைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் வெள்ளை விடுங்கள்.

5. அச்சு

கடைக்குப் பிடிஎப் மட்டும் கொண்டுபோங்கள். மூலக்கோப்பைத் திறந்தால் அங்கே உங்கள் எழுத்துரு இருக்காது. வேறொன்று வந்து உட்கார்ந்து வரிகள் எல்லாம் நகரும். பக்கங்கள் 1, 2, 3 என்று வரிசையாகவே இருக்கட்டும். அடோபி ரீடரின் அச்சுத் திரையில் 'புக்லெட்' கொடுத்தால் 16-1, 2-15 என்று அதுவே அடுக்கிக்கொள்ளும். தாளைத் திருப்புவது குட்டைப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். நீளவாட்டில் இருந்தால் பின்பக்கம் தலைகீழாக வரும். ஒரு பிரதி மட்டும் எடுத்து, மாதிரிப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் புரட்டிப் பார்த்த பிறகே மீதிக்குச் சொல்லுங்கள்.

ஒரு ரீம் 500 தாள். நான்கில் வெளித்தாள் அட்டையாகிவிட, பிரதிக்கு உள்தாள் 3 என்பதால் 160 பிரதிக்கு 480 போக, 20 சேதாரத்துக்கு. அட்டைத்தாள் தனி.

6. தைப்பு

சாதாரண ஸ்டேப்ளர் மடிப்பை எட்டாது. நீளக்கை ஸ்டேப்ளர் இல்லையென்றால் ஊசியும் நூலும் போதும். மடிப்பில் நடுவே ஒன்று, மேலும் கீழும் விளிம்பிலிருந்து 5 செ.மீ. தள்ளி ஒவ்வொன்று என மூன்று துளை போடுங்கள். உள்ளிருந்து நடுத்துளை வழியே வெளியே, மேல்துளையில் உள்ளே, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியே, மறுபடி நடுத்துளையில் உள்ளே. இரண்டு நுனியும் உள்ளே ஓடும் நீள நூலுக்கு இருபுறமும் வரும்படி வைத்து, அதன்மேல் முடிச்சுப் போடுங்கள். நூலை இழுக்கும்போது மடிப்போடு இணையாக இழுங்கள், மேல்நோக்கி இழுத்தால் துளை கிழியும்.