அயோவா சிற்றூரில் வீடு பார்க்கிறீர்களா? முதலில் தண்ணீரைக் கேளுங்கள்

சோஷியல் செக்யூரிட்டி எண், ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு: இதெல்லாம் அமெரிக்காவில் எங்கே இறங்கினாலும் ஏறக்குறைய ஒரே அலைச்சல்தான். அயோவா மாநிலத்துக்கு வருகிற நம்மவர்கள் மாட்டுவது வேறு இடத்தில். முகவரியில் ஊர்ப்பெயர் இருக்கிறது, வாடகை மலிவு என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அந்தப் பெயர் தபால் நிலையத்தின் பெயர். வீடு ஊர் எல்லைக்கு வெளியே சோளக்காட்டின் நடுவே இருக்கலாம்.

இந்த ஊர்கள் குளத்தையும் கோயிலையும் சுற்றி வளர்ந்தவை அல்ல. 1785ஆம் ஆண்டு நிலச் சட்டத்தின் முறைப்படி முதலில் கோடு கிழித்தார்கள்: 6 மைலுக்கு 6 மைல் ஒரு டவுன்ஷிப், அதற்குள் 36 செக்‌ஷன், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். பெல்லா (1847, டச்சுக்காரர்கள்), அமானா (1855, ஜெர்மானியர்கள்) போன்றவை மதக் குழுக்கள் தேடி வந்து அமைத்தவை. மற்றவற்றில் பெரும்பாலானவை ரயில் பெற்ற பிள்ளைகள். குதிரை வண்டியில் தானியம் கொண்டுவருபவர் இருட்டுமுன் வீடு திரும்ப வேண்டுமே, அதனால் தண்டவாளத்தோரம் சில மைலுக்கு ஓர் ஊர். பல இடங்களில் இன்று தண்டவாளம் போய்விட்டது, தானிய எலிவேட்டர் எனும் உயரமான தானியக் கிடங்கு மட்டும் நிற்கிறது. ஊரின் குழாயும் சாக்கடையும் அந்தச் சிறிய எல்லையோடு நின்றுவிடும். அதைத் தாண்டினால் கிணறு, செப்டிக் டேங்க், வீட்டைச் சூடாக்கும் எரிவாயுவுக்குப் புரொப்பேன் தொட்டி.

வடமத்திய அயோவாவின் பெரும்பகுதி ஒரு காலத்தில் ஈரப் புல்வெளி. மண்ணுக்கடியில் வடிகுழாய் பதித்து வற்றடித்துத்தான் விளைநிலமாக்கினார்கள். சோளத்துக்குப் போடும் நைட்ரஜன் உரம் மழையோடு இறங்கி, ஆழமில்லாத கிணறுகளில் நைட்ரேட்டாகச் சேரும். நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. பொதுக் குழாய்க்கு வரம்பு லிட்டருக்கு 10 மில்லிகிராம், நைட்ரஜன் கணக்கில். தனியார் கிணற்றை அப்படி யாரும் கண்காணிப்பதில்லை.

இங்கேதான் நம் பழக்கமே பகையாகிறது. கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்க, பாட்டி சொன்னபடி தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைக்கிறோம். கிருமி சாகும், நைட்ரேட் சாகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அது இன்னும் செறிவாகும். 6 மாதத்துக்குட்பட்ட குழந்தையின் ரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனை இழந்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கலாம். கரி வடிகட்டிக் குடுவையும் உப்புப் போடும் வாட்டர் சாப்ட்னரும் இதற்கு உதவாது. சிங்க்குக்கு அடியில் ஆர்.ஓ. வேண்டும், அதையும் மாட்டிய பிறகு நீரைச் சோதிக்க வேண்டும். அதுவரை குழந்தைக்குப் பாட்டில் தண்ணீர்தான்.

கையெழுத்துக்கு முன் வீட்டுக்காரரிடம் கேளுங்கள்: ஊர்த் தண்ணீரா, ரூரல் வாட்டர் (ஊருக்கு வெளியே குழாய் நீர் தரும் அமைப்பு) இணைப்பா, கிணறா? கிணறு என்றால் ஆழம் எவ்வளவு, கடைசிச் சோதனைத் தாள் எங்கே? “நாங்கள் முப்பது வருஷமாகக் குடிக்கிறோம்” என்பது சோதனைத் தாள் ஆகாது. கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) சுகாதார அலுவலகத்தைக் கேட்டால், மாநில நிதியில் நைட்ரேட்டும் கோலிபார்ம் கிருமியும் பெரும்பாலும் இலவசமாகவே பார்த்துக் கொடுப்பார்கள். வசந்தகால மழைக்குப் பிறகு மாதிரி எடுங்கள். உறைந்த ஜனவரியில் எடுத்த தாளை மட்டும் வைத்து நிம்மதி அடையாதீர்கள்.

புரொப்பேன் தொட்டி யாருடையது என்பதையும் கேட்டுவிடுங்கள். வாடகைத் தொட்டியானால் அதன் நிறுவனம் மட்டுமே நிரப்பும். 500 கேலன் தொட்டியில் 400தான் ஊற்றுவார்கள். மீதி, உள்ளே இருக்கும் திரவப் புரொப்பேன் சூட்டில் விரிய விடும் இடம்.