கடலூர் உப்புக்காற்றும் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரும்

எங்கள் வீடு கடலூர் தேவனாம்பட்டினத்தில், கடற்கரைக்குப் பக்கத்துத் தெரு. ஒரு நாள் கம்ப்யூட்டரை ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, திரையில் எதுவும் வரவில்லை. பீப், பீப் என்று சத்தம் மட்டும். எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகையான மதர்போர்டு போய்விட்டது என்றார் கடைக்காரர். எனக்கு நம்பிக்கையில்லை. பீப் வருகிறதென்றால் போர்டுக்கு உயிர் இருக்கிறது. அந்தச் சத்தம் பெரும்பாலும் ரேமில், அதாவது தற்காலிக நினைவகத்தில், கோளாறு என்பதைத்தான் காட்டும்.

பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றினேன். கேபினட்டின் இரும்பைத் தொட்டுக்கொண்டேன். உடம்பிலுள்ள நிலைமின்சாரம் சிப்பைக் கெடுத்துவிடும். ரேமைக் கழற்றிப் பார்த்தால், தங்க நிறப் பின்களில் மங்கலாக ஒரு படலம். உப்புக்காற்றும் ஈரமும் செய்த வேலை. எங்கள் ஊரில் கேட் கொண்டி, ஜன்னல் கம்பி எதையும் அது விடாது. பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ‘டக்’ என்று பூட்டும்வரை அழுத்தினேன். திரை வந்துவிட்டது!

ஆனால் தேதி பல வருடம் பின்னால் நின்றது. அதனாலேயே இணையதளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டின. மெஷின் அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டும், போர்டிலுள்ள சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தது. வாட்ச் கடையிலேயே கிடைக்கும். மாற்றி, மெஷின் தொடங்கும்போது முதலில் ஓடும் பயாஸ் என்ற அமைப்பில் தேதியைச் சரிசெய்தேன். மழைக்காலத்தில் மெஷினை அடிக்கடி ஓடவிடுங்கள். அந்தச் சூடே ஈரத்தை விரட்டும்.