பிள்ளைக்கு முதல் வில் வாங்கப் போறீங்களா, இதைப் பாத்துட்டு வாங்குங்க

மொதல்ல கண்ணைப் பாருங்க, கையை இல்ல. ரெண்டு கையையும் நீட்டி நடுவுல சின்ன ஓட்டை மாதிரி வெச்சு தூரத்துல ஒரு பொருளை ரெண்டு கண்ணாலயும் பாக்கச் சொல்லுங்க, அப்புறம் ஒவ்வொரு கண்ணா மூடினா எந்தக் கண்ணுக்கு பொருள் ஓட்டைக்குள்ளயே நிக்குதோ அதான் வலுவான கண்ணு. வலது கண்ணுன்னா இடது கையில வில்லைப் புடிச்சு வலது கையால இழுக்கணும்.

அடுத்தது இழுவிசை, அதாவது நாணை முழுசா இழுக்கத் தேவைப்படுற பலம், இதுலதான் நெறைய பேர் "வளர்ற பிள்ளைதானே"ன்னு பெருசா வாங்கிடறாங்க, தயவுசெஞ்சு வேண்டாம். 8லேர்ந்து 12 வயசுக்கு 10–15 பவுண்டு போதும். முழுசா இழுத்து சில செகண்ட் நடுங்காம புடிக்க முடியலன்னா அந்த வில்லு அதிகம், தோள்பட்டைதான் பாதிக்கும். கழட்டி மாட்டுற ரிகர்வ் வில்லா (நுனி ரெண்டும் முன்பக்கமா வளைஞ்சிருக்குற வில்லு) இருந்தா பின்னாடி லிம்ப் (மேலயும் கீழயும் வளையுற பாகம்) மட்டும் மாத்திக்கலாம், காசு மிச்சம்.

அம்பு நீளம் ரொம்ப முக்கியம்ங்க. கை ரெண்டையும் விரிச்சு விரல் நுனிலேர்ந்து நுனி வரைக்கும் அளந்து 2.5ஆல வகுத்தா இழுக்குற நீளம் தோராயமா வரும், அம்பு அதைவிட 2 இன்ச்சாவது கூட இருக்கட்டும், குட்டையா இருந்தா இழுக்கும்போது வில்லுக்கு உள்பக்கம் நழுவி கையிலயே குத்திடும். கார்பன் அம்பை ஒவ்வொரு தடவையும் லேசா வளைச்சு விரிசல் இருக்கான்னு பாருங்க, இருந்தா தூக்கிப் போட்டுடுங்க.

நாண் முன்கையில அடிக்காம இருக்கப் போடுற கைக்காப்பு, நாணை இழுக்குற விரலுக்கு உறை ரெண்டும் சேத்தே வாங்கிடுங்க. அம்பு இல்லாம நாணை இழுத்து விடக் கூடாது, வில்லே உடைஞ்சிடும்.