நாய்க்கும் பூனைக்கும் வீட்டில் சமைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாய்க்குச் சாக்லேட் ஆகாது, வெங்காயம் ஆகாது என்பதெல்லாம் இப்போது பலருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். அக்கறையோடு நல்ல கறி வாங்கிச் சமைப்பவர்களே செய்கிற தவறுகள்தான் இங்கே. புதிதாகத் தொடங்குகிறவர்கள் மறுபடி மறுபடி இவற்றையே செய்வதைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை.

எலும்பில்லாத கறியும் சோறும்

எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருப்பது இதுதான். கறி, சோறு, கொஞ்சம் கேரட். பார்க்க நிறைவாக இருக்கும், நாயும் தட்டை நக்கிவிட்டு வாலாட்டும். ஆனால் கால்சியம் பேருக்குத்தான் இருக்கும். எலும்பில்லாத கோழிக்கறியில் கால்சியத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் பாஸ்பரஸ் உண்டு. நாய்க்கு வேண்டியதோ பாஸ்பரஸுக்குச் சமமாக அல்லது சற்றுக் கூடுதலாகக் கால்சியம். சாப்பாட்டில் வராததை உடம்பு வேறு இடத்தில் தேடும். ரத்தத்தில் கால்சியம் குறையத் தொடங்கியதும் அதன் அளவைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பி தூண்டப்பட்டு, எலும்பிலிருந்து கால்சியம் கரைத்து எடுக்கப்படும். அதனால் ரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் கால்சியம் சரியாகவே காட்டும். மாதக்கணக்கில் யாருக்கும் சந்தேகமே வராது.

தெரிந்தவர் வீட்டு நாய்க்குட்டி, ஐந்து மாதம்தான் இருக்கும். சோபாவிலிருந்து குதித்தது, வீலென்று கத்தியது, அதற்குப் பிறகு பின்னங்காலை ஊன்றவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு பளிச்சென்று வெள்ளையாகத் தெரிய வேண்டும். அதில் எலும்புக்கும் சுற்றியுள்ள சதைக்கும் பெரிதாக வித்தியாசமே இல்லை. தொடை எலும்பின் ஓரம் பென்சில் கோடு போல மெலிந்திருந்தது. "தினமும் நல்ல கறிதானே போட்டேன்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அன்போடுதான் போட்டிருந்தார். கால்சியத்தைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இத்தனைக்கும் சரிசெய்ய முட்டை ஓடு போதும். கழுவி, சூட்டில் நன்றாக உலர்த்தி, நறநறப்பே இல்லாமல் மாவாக அரைக்க வேண்டும். ஒரு கிராம் பொடியில் கிட்டத்தட்ட 380 மில்லிகிராம் கால்சியம் இருக்கும். வளர்ந்த நாய்க்கு, ஒரு கிலோ எலும்பில்லாத கறிக்கு ஒரு டீஸ்பூன் என்பது தோராயக் கணக்கு. குட்டிகளுக்கு இந்தத் தோராயம் உதவாது. பெரிய இனக் குட்டிகளுக்குக் கால்சியம் கூடினாலும் எலும்பு வளர்ச்சி கெடும். அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கிடைத்த செய்முறையை அப்படியே நம்புவது

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை அலசி 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். 95 சதவீதக் குறிப்புகளில் அத்தியாவசியச் சத்து ஒன்றாவது போதவில்லை. வாரம் ஒரு குறிப்பாக மாற்றிச் சமைத்தால் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் பல குறிப்புகளில் அதே சத்துகள்தான் குறைந்திருந்தன.

வெந்த எலும்பு

வேண்டவே வேண்டாம். சில்லு சில்லாகப் பிளந்து குடலைக் கிழிக்கும்.

நாய்க்குச் சமைத்ததையே பூனைக்கும் வைப்பது

பூனைக்கு டாரின் என்ற அமினோ அமிலம் சாப்பாட்டிலிருந்தே வந்தாக வேண்டும். அது குறைந்தால் கண்ணின் விழித்திரை கெடும், இதயத் தசை தளர்ந்து வீங்கும். இதய நோய்க்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பு 1987-இல்தான் தெளிவானது. கறியை வேகவைத்தால் டாரினில் பெரும்பகுதி தண்ணீரில் இறங்கிவிடும், அந்தத் தண்ணீரைக் கொட்டினால் அதுவும் போச்சு. வீட்டுச் சமையல் மட்டுமே சாப்பிடும் பூனைக்கு டாரின் தனியாகச் சேர்ப்பதுதான் சரி.

தினமும் ஈரல்

கொஞ்சமாக, எப்போதாவது. தினமும் ஈரலே தின்று வளரும் பூனைக்கு வைட்டமின் ஏ மிகுந்து, கழுத்து எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விடும்.

பசித்தால் தானாகச் சாப்பிடும் என்று விடுவது

பூனை விஷயத்தில் இந்தப் பிடிவாதம் ஆபத்து. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே, குறிப்பாகக் குண்டுப் பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே உலை வைக்கும். பழைய சாப்பாட்டில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரம், பத்து நாளில் மாற்றுங்கள். ஒரு நாள் முழுக்க வாய் வைக்கவில்லையா? பழையதையே திரும்ப வையுங்கள். அதையும் தொடவில்லை என்றால் மறுநாள்வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.